கப்டன் பெண்சாதியின் கடல் பயம்

குருநகரில் இரண்டு விஷயங்களைப் பற்றி எவரும் மாற்றிக் கதைத்தது கிடையாது. ஒன்று, கப்டன் கனிசியஸைப் போல ஒரு மனிதன் இந்தக் கரையில் பிறக்கவில்லை. மற்றது, அவருடைய பெண்சாதி யோசப்பினைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி இந்தக் கரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததும் இல்லை. முதலாவது உண்மை. இரண்டாவது பச்சைப் பொய். அந்தப் பொய்யைப் பெற்று வளர்த்து ஊருக்குள் நடமாட விட்டவள் வேறு ஆருமில்லை, யோசப்பினேதான்.

விஷயம் இதுதான். உலகத்துச் சமுத்திரமெல்லாம் கப்பல் ஓட்டிய கனிசியஸுக்குச் சின்ன வள்ளம் ஒத்துவராது. பென்னம்பெரிய எண்ணெய்க் கப்பலின் மேல்தட்டில் நின்று, பக்கத்தில் நிற்கிறவனெல்லாம் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு செபிக்கிற புயலிலும், தேத்தண்ணிக் கோப்பையைச் சிந்தாமல் பிடித்திருந்த மனிதன் அவர். அதே மனிதனை ஒரு மீன்பிடி வள்ளத்தில் ஏற்றிக் கரையிலிருந்து கொஞ்சம் தள்ளிவிட்டால் சரி. முகம் வெளிறும், வாயில் தண்ணீர் ஊறும், காலையில் சாப்பிட்ட இடியப்பம் கடலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். துறைமுகங்களில் கப்பலை விட்டுக் கரை சேர்க்கிற சின்ன லோஞ்சில் இறங்கும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு மாதாவைக் கூப்பிடுவாராம். கரை கிட்டத்தில் இருந்தபடியால் தப்பினார்.

கலியாணம் முடிந்த கிழமையே யோசப்பினுக்கு இது தெரிந்துவிட்டது. அவள் பாசையூர்க்காரி. தகப்பனோடு வள்ளத்தில் போய் வளர்ந்தவள், பாய் கட்டவும் தெரியும், சுக்கான் பிடிக்கவும் தெரியும். புது மாப்பிள்ளைக்குத் தன் கெட்டித்தனத்தைக் காட்டுவோம் என்று ஒரு பின்னேரம் தகப்பனின் வள்ளத்தை வாங்கிக்கொண்டு அவரை ஏற்றிப் போனாள். வெள்ளைச் சேட்டும் தானுமாக வந்து இருந்தவர் கொஞ்ச நேரத்தில் குனிந்தார். பிறகு நிமிரவேயில்லை. யோசப்பின் முதலில் சிரித்துவிட்டாள். அவர் நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர் நின்றதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோயிற்று.

"இது ஊருக்குத் தெரிஞ்சால் நான் இஞ்சை தலைகாட்டேலாது, யோசப்பின். குருநகரான், அதுவும் கப்பல்காரன். கடற்கரையில நிண்டு சிரிப்பாங்கள்."

"மாதாவாணை ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்றாள் யோசப்பின். அவரது தலையைத் தன் மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு மற்றக் கையால் சுக்கானைப் பிடித்து வள்ளத்தைக் கரைக்குத் திருப்பினாள். சத்தியம் பண்ணுவது லேசு. அது எவ்வளவு காலத்துக்கு எங்கெங்கெல்லாம் இழுபடும் என்று அந்த வயதில் ஆருக்குத் தெரியும்?

தவசு காலம் வந்தது. தவசு காலம் என்றால் பாலைதீவு. குருநகர், பாசையூர் சனம் முழுக்க வள்ளங்களில் ஏறி, அடுப்பும் சட்டியும் அரிசியும் பிள்ளைகுட்டியுமாகப் பாலைதீவு அந்தோனியார் திருவிழாவுக்குப் போய், மணலில் சமைத்துச் சாப்பிட்டு, சிலுவைப்பாதை சொல்லி, பூசை கண்டு திரும்புகிற காலம். யோசப்பின் பெட்டையாக இருந்த நாளில் ஒரு வருடம்கூடத் தவறவிட்டதில்லை. புத்தாண்டுக்குச் சட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பாலைதீவுக்குப் போகாமல் இருக்கமாட்டாள். புதுச்சோடியைக் கூட்டிக்கொண்டு போக வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள். கனிசியஸ் அறைக்குள் வெளிறிப்போய் நின்றார். யோசப்பின் அவரை ஒருதரம் பார்த்தாள். ஈரத் துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு பாயில் விழுந்தாள்.

"எனக்குக் கடல் பயம். நான் வரேல்லை. இவரும் என்னை விட்டிட்டு வரமாட்டாராம்."

அன்று படுத்தவள்தான். கப்டன் லீவில் வந்து நின்ற தவசு காலமெல்லாம் அவளுக்குக் காய்ச்சல், தலைச்சுத்து, வயிற்றுக்குத்து. அவர் கப்பலில் நின்ற வருடங்களிலும், போனால் பொய் வெளுத்துவிடும் என்று அவள் போகவில்லை. நடுவில் சண்டை நடந்த வருடங்களில் பொய் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. கடலே பூட்டிக் கிடந்தது. சண்டை முடிந்து கடல் திறந்த கையோடு கப்டனும் ஓய்வுபெற்று வந்து சேர, யோசப்பினின் வருத்தங்களும் திரும்பி வந்து சேர்ந்தன. வள்ளங்கள் புறப்படுகிற அந்தக் காலைகளில் அவள் யன்னலுக்குள்ளால் எஞ்சின் சத்தங்களைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பாள். கண் முழுக்கக் கண்ணீர் நிற்கும். அதை எவருக்கும் காட்டமாட்டாள்.

கப்டனுக்குத் தெரியாமலில்லை. வள்ளங்கள் போய் முடிந்ததும் சமையலறைக்குள் புகுந்து, நண்டுக் கறியும் புட்டும் செய்து, தட்டோடு வந்து கட்டிலில் இருப்பார்.

"நான் சொல்லிப்போடுறன், யோசப்பின். இனி என்ன, கிழவனாப் போனன். சிரிச்சால் சிரிக்கட்டும். நீ போயிட்டு வா."

"பேசாமல் இருங்கோ கப்டன். கறிக்கு உப்புக் காணாது" என்பாள் அவள்.

உண்மையில் உப்பு அளவாகத்தான் இருக்கும்.

அப்பேர்ப்பட்ட கப்டன் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. நித்திரையிலேயே போன நல்ல சாவு. ஓராண்டுப் பூசைக்கு நோர்வேயிலிருந்து மகள் லவீனாவும், கொழும்பிலிருந்து மகன் றெஜியும் வந்திருந்தார்கள். பிள்ளைகள் இருவருமாகச் சேர்ந்து தகப்பன் பெயரில் ஒரு புது வள்ளம் வாங்கி, கப்டனின் தங்கச்சி றஜனியின் மகன் பிரகாஸுக்குத் தொழிலுக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. நீலமும் வெள்ளையும் அடித்து, பக்கத்தில் 'கப்டன் கனிசியஸ்' என்று எழுதி, வள்ளம் இறங்குதுறையில் தயாராக நின்றது. பூசை முடிந்து ஃபாதர் வந்து ஆசீர்வதித்த பிறகு வள்ளம் முதல் ஓட்டம் ஓடவேண்டும்.

அந்த ஓட்டத்தை எப்படி நடத்துவது என்று திட்டம் போட்டவள் றஜனி. றஜனி திட்டம் போட்டால் பங்குத்தந்தையும் மாற்றமாட்டார்.

"மச்சாள், வடிவாக் கேளுங்கோ" என்றாள் றஜனி, பூசைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த யோசப்பினிடம். "அண்ணை யூனிபோமோட நிக்கிற பெரிய படத்துக்கு மாலை போட்டு, வள்ளத்தின்ரை அணியத்தில, முன்னுக்கு, ஏத்தி வைக்கிறம். பிரகாஸ் ஒரு சுத்துச் சுத்தி வருவான். நானும் பிள்ளையளும் வள்ளத்தில. நீங்கள் துறையில கதிரை போட்டு இருந்து பாருங்கோ. உங்களுக்குத்தான் தண்ணியைக் கண்டால் தலைசுத்துமே."

யோசப்பினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புது வள்ளம். தன் புருசனின் பெயர் எழுதின வள்ளம். அதன் முதல் ஓட்டத்தில் மற்ற எல்லாரும் போவார்கள், அவள் மட்டும் கதிரையில் இருந்து கைலேஞ்சி ஆட்டவேண்டுமாம்! நானும் வாறன் என்று ஒரு சொல்லுச் சொன்னால் போதும். ஆனால் கடலுக்குப் பயந்தவள் ஒரே நாளில் வள்ளத்தில் குதித்து ஏறினால், அப்ப இவ்வளவு காலமும் பயந்தது ஆரப்பா என்று ஊர் கேட்காதா? மனிதன் போய் ஒரு வருடத்துக்குள் அவர் மானத்தை அவளே கொண்டுபோய்க் கடலில் கொட்டுவதா?

அது ஒரு பக்கம். அந்தப் படத்தை வள்ளத்தில் ஏற்றப்போகிறார்கள் என்ற கதை அவளுக்கு மற்றப் பக்கத்தால் குத்தியது. சட்டத்துக்குள் இருக்கிற கடதாசிக்கு என்ன வரப்போகிறது? அவளுக்கும் அது தெரியும். தெரிந்தும் மனம் கேட்கவில்லை.

"சரி" என்றாள் யோசப்பின். சேலைக் கொய்யகத்தை இரண்டு தரம் பிழையாக மடித்தாள்.

பூசை சிறப்பாக நடந்தது. முடிந்ததும் கோயில் மண்டபத்தில் பணிஸும் கட்லட்டும் பால் தேத்தண்ணியும் கொடுத்தார்கள். கப்டனைப் பற்றிக் கதைக்க விரும்புகிறவர்கள் கதைக்கலாம் என்று ஃபாதர் சொன்னார். சொல்லியிருக்கக்கூடாது. எழும்பினவர்கள் ஒருவரும் லேசில் இருக்கையில் அமரவில்லை.

லவீனாதான் முதலில் தொடங்கினாள். "அப்பா லீவில வந்தால் அம்மாக்கு லீவு. 'நான் நிக்கிற வரைக்கும் நீ குசினிப் பக்கம் வரப்படாது' எண்டு அம்மாவுக்குக் கட்டளை போடுவார். சமையல், உடுப்புத் தோய்க்கிறது, எங்களைக் குளிப்பாட்டுறது எல்லாம் அவர்தான். எனக்குத் தலை இழுத்து றிபன் கட்டிவிடுவார். கப்பலில கயிறு கட்டுற முடிச்சு! பள்ளிக்கூடத்தில சிஸ்டர் அதை அவிழ்க்கப் பாத்து, நகம் உடைஞ்சு, கடைசியில கத்தரிக்கோல் எடுத்து வெட்டினவ. 'உன்ரை அப்பா கப்பலை ஒருக்காலும் காத்து இழுத்துக்கொண்டு போகாது' எண்டு சொன்னவ."

மண்டபம் சிரித்தது. யோசப்பினும் சிரித்தாள். ஊரிலுள்ள ஆண்பிள்ளைகள் அந்தக் காலத்தில் கனிசியஸ் கொடியில் சேலை காயப்போடுவதைப் பார்த்து, தங்கள் வீட்டுப் பெண்சாதிமாருக்கு இது கண்ணில் படக்கூடாதே என்று பயந்து, வேலிக்குக் கிடுகு கூடக் கட்டிப் பார்த்தார்கள். அது எங்கே மறைபடும்?

றெஜி எழும்பித் தகப்பன் ஓய்வுபெற்று வந்த முதல் மாதத்தைச் சொன்னான். வந்த மறுநாளே கப்டன் வீட்டைக் கப்பலாக்கிவிட்டார். விடியற்காலைக் காவல் சேவலுக்கு. காலைக் காவல் யோசப்பினுக்கு. மத்தியானம் நாய்க்கு. சாப்பாட்டுக்கு விசில். தேத்தண்ணிக்கு இன்னொரு விதமான விசில். பக்கத்து வீட்டுக்காரர் தன் காரைப் பின்னுக்கு எடுக்கும்போது ஓடிப்போய்க் கை காட்டி, துறைமுகத்துக்குள் கப்பல் கொண்டுவருகிற மாதிரிக் கொண்டுவந்து, மதிலில் இடிக்கவைத்தார். மாதம் முடியமுன்னம் யோசப்பின் விசிலைப் பறித்துக் கிணற்றுக்குள் போட்டுவிட்டாள்.

"அப்பா என்ன சொன்னவர் தெரியுமோ?" என்றான் றெஜி. "'கப்பலில கலகம்! நான் பதவி விலகிறன். இனி நீ கப்டன், நான் குசினிக்காரன்' எண்டு சொல்லி அம்மாக்கு சலூட் அடிச்சவர். அண்டையிலிருந்து சாகும்வரைக்கும் அந்த ஏற்பாடுதான்."

சிரித்துச் சிரித்து யோசப்பினுக்குக் கண்ணால் வழிந்தது. அவருக்கு எவ்வளவு பிடித்திருக்கும் இந்தக் கூட்டம்! ஒரு மூலையில் நின்று, எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்து, பிறகு தேத்தண்ணிக் கோப்பை பொறுக்கக் கிளம்பியிருப்பார். சந்தோசத்தில் மனம் நிறைந்துபோய் இருந்த அந்த நேரத்தில்தான் பருத்தித்துறையிலிருந்து வந்திருந்த லெனாட் எழும்பினார். கப்டனோடு கனகாலம் ஒரே கப்பலில் எஞ்சினியராக இருந்தவர். நல்ல மனிதர். புயல் கதை ஒன்றை அழகாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், முடிவில் கெடுத்துவிட்டார்.

"இப்பிடிக் கடலை ஆண்ட மனிசன், தன்ரை மனைவிக்குக் கடல் பயம் எண்ட ஒரே காரணத்துக்காக, பாலைதீவு போற ஆசையையே காலம் முழுக்க விட்டுக்குடுத்தவர். அதுதான் குடும்பத் தலைவன். தியாகம் எண்டால் அதுதான்!"

எல்லாக் கண்களும் யோசப்பினை நோக்கித் திரும்பின. முதியவர் செபமாலை, கப்டனோடு ஒன்றாக ஓடித் திரிந்த பழைய கூட்டாளி, திடீரென்று இருமத் தொடங்கினார். றஜனி கட்லட்டைக் கையில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். யோசப்பின் உதட்டைக் கடித்துக்கொண்டு தலை குனிந்தாள். ஓம், தியாகம்தான், ஆருடைய தியாகம் எண்டுதான் கேள்வி என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள். இவ்வளவு காலம் விழுங்கினவளுக்கு இன்னும் ஒரு மிடறு பெரிய காரியமா?

துறைக்குப் போனார்கள். வெயில் ஏறியிருந்தது, காற்று நல்ல காற்று. ஃபாதர் தீர்த்தம் தெளித்து வள்ளத்தை ஆசீர்வதித்தார். சனம் கை தட்டியது. துறையில் கதிரை ஒன்று தயாராகப் போட்டிருந்தது. யோசப்பின் அதில் போய் இருந்தாள். பிரகாஸ் எஞ்சினடியில் நின்றான். றஜனியும் லவீனாவும் ஏறினார்கள். றெஜி படத்தைக் கொண்டுவந்து அணியத்தில் சாய்த்து வைத்து, விழாமல் ஒரு கயிற்றால் கட்டினான். தோளில் தங்கப் பட்டியும் கையில் தொப்பியுமாகக் கப்டன் மாலைக்குள்ளால் சிரித்துக்கொண்டு இருந்தார்.

அந்த நேரம் பார்த்து வெளியிலிருந்து ஒரு பெரிய வள்ளம் வேகமாகத் துறைக்குள் வந்தது. அது எழுப்பின அலை வந்து மோத, புது வள்ளம் இந்தப் பக்கம் ஒருதரம், அந்தப் பக்கம் ஒருதரம், நன்றாக ஆடியது. படமும் கூடவே ஆடியது. மாலை வழுகிக் கப்டனின் முகத்தில் விழுந்தது. படம் மெல்ல முன்னுக்குக் குனிந்தது.

அந்தக் குனிதலை யோசப்பினுக்குத் தெரியும். அவள் கதிரையை விட்டு எழும்பியது அவளுக்கே தெரியாது.

"இறக்கு! டேய் றெஜி, அவரை இறக்கு! சத்தி எடுக்கப்போறார்! அவருக்கு வள்ளம் ஒத்துவராதெண்டு தெரியாதோ உனக்கு!"

ஃபாதரின் கையிலிருந்த தீர்த்தச் செம்பு அப்படியே நின்றது. யோசப்பின் இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். போச்சு. எல்லாம் போச்சு. காத்துக் காத்து வைத்திருந்ததை ஒரு நொடியில் முழு ஊருக்கும் முன்னால், அதுவும் பூசை நாளில், அவளே கூவி விற்றுவிட்டாள்.

செபமாலை பொல்லை ஊன்றிக்கொண்டு கிட்ட வந்தார்.

"தங்கச்சி, அழாதை. எங்களுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"உதுதான். கனிசியஸுக்கு வள்ளம் ஒத்துவராதெண்டு."

"ஆருக்குத் தெரியும்?"

செபமாலை துறையில் நின்ற சனத்தைத் திரும்பிப் பார்த்தார். கிழவர்கள் மணலைப் பார்த்தார்கள். கிழவிகள் முந்தானையால் வாயைப் பொத்தினார்கள். றெஜி வள்ளத்தின் கயிற்றை அவசரமாக ஆராய்ந்தான். பருத்தித்துறை லெனாட் மட்டும் ஒன்றும் விளங்காமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"எல்லாருக்கும்தான்" என்றார் செபமாலை. "கனிசியஸுக்கு மீசை அரும்பின வயசில அவன்ரை அப்பர் முதல்முதலாத் தொழிலுக்குக் கூட்டிக்கொண்டு போனவர். அந்த வள்ளத்தில நானும் இருந்தனான். போகேக்கையும் சத்தி, வரேக்கையும் சத்தி. பெடி கூனிக்குறுகிப் போனான். கரைக்கு வந்ததும் அப்பர் எங்களைத் தனியக் கூப்பிட்டுச் சொன்னார். 'இவன் கப்பலுக்குப் போகப்போறன் எண்டு நிக்கிறான். போகட்டும். ஆனால் நீங்கள் ஒருத்தன் சிரிச்சாலும் போறவன் திரும்பி வரமாட்டான். என்ரை பிள்ளை இந்தக் கரைக்குத் திரும்பி வரவேணுமெண்டால் வாயை மூடுங்கோ' எண்டார். மூடினனாங்கள். எங்கடை பெண்சாதிமாருக்கு மட்டும்தான் சொன்னம். அவை மற்ற வீட்டுப் பெண்சாதிமாருக்குச் சொல்லிச்சினம். எல்லாரும் 'ஒருத்தருக்கும் சொல்லாதை' எண்டு சொல்லித்தான் சொன்னவை."

"அவருக்கு? அவருக்குத் தெரியுமோ, உங்களுக்குத் தெரியுமெண்டு?"

"ஐயையோ, தெரியாது. சாகும்வரைக்கும் தெரியாது. அதாலதானே வருசா வருசம் பாலைதீவுக்குக் கூப்பிட்டம். கூப்பிடாட்டி அவனுக்கு விளங்கிவிடும். நீ எப்பிடியும் படுத்துவிடுவாய் எண்டு எங்களுக்குத் தெரியும்தானே."

யோசப்பின் வள்ளத்திலிருந்த றஜனியைப் பார்த்தாள். "நீ? நீயும் தெரிஞ்சுகொண்டுதானே என்னைப் பயந்தாங்கொள்ளி, பயந்தாங்கொள்ளி எண்டு ஊர் முழுக்க அடிச்சுக்கொண்டு திரிஞ்சனி?"

"பின்னை என்ன மச்சாள்!" றஜனிக்கும் குரல் ஏறியது. "பாசையூரில சுக்கான் பிடிச்சு வளந்த பெட்டைக்குக் கடல் பயமாம். ஆர் நம்புவான்? ஒருத்தரும் நம்பேல்லை. நான் தொண்டை கிழியக் கத்தித்தானே உங்கடை பொய்யைத் தூக்கி நிறுத்தினனான்! என்ரை அண்ணைக்காக நீங்கள் பட்ட பாட்டுக்கு, என்னால செய்ய ஏண்டது அதுதான்."

சொல்லிவிட்டு றஜனி அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

யோசப்பின் எல்லாரையும் ஒருதரம் சுற்றிப் பார்த்தாள். பிறகு வந்ததே ஒரு கோபம்!

"எருமையள்! முழு ஊரும் சேந்து என்னை ஒரு ஆயுள் முழுக்கக் கரையில இருத்திப்போட்டியளே! ஒரு காய்ச்சலே, ஒரு தலையிடியே, எத்தினை கோதாரியை நான் வரப்பண்ணினனான்! நீங்கள் அங்கை மணலில இருந்து கணவாய்க் கறி தின்னேக்கை நான் இஞ்சை ஈரத்துணியோட கிடந்தன். ஒருத்தராவது வந்து, யோசப்பின், எங்களுக்குத் தெரியும், நீ எழும்பு எண்டு சொன்னியளோ?"

"உன்னட்டைச் சொன்னால் நீ அவனட்டைச் சொல்லியிருப்பாய், தங்கச்சி" என்றார் செபமாலை மெதுவாக. "நீங்கள் ரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் ஒண்டும் ஒளிக்காத ஆக்கள். அது தெரிஞ்சால் அவன் எங்கடை முகத்தில முழிச்சிருக்கமாட்டான். ஒவ்வொரு லீவுக்கும் பையைத் தூக்கிக்கொண்டு சிரிச்சபடி இந்த ஒழுங்கையால வந்திருக்கமாட்டான்."

வெளிநாடுகளில் வீடு வாங்கித் தருகிறோம் என்று கம்பனிக்காரர்கள் சொன்ன போதெல்லாம், குருநகரை விட்டு எங்கே போறது என்று கேட்டுத் திரும்பி வந்தவர் அவர். இந்தச் சனமெல்லாம் வாயை மூடிக்கொண்டு இருந்தபடியால்தான் அவர் வந்தார். அந்த வாயாடி றஜனி உட்பட. தான் ஒருத்திதான் அவரைக் காத்ததாக யோசப்பின் இவ்வளவு காலமும் நினைத்திருந்தாள். அவளோடு சேர்ந்து ஊரே காத்திருக்கிறது. கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. வயிற்றிலிருந்து ஒரு சிரிப்புக் கிளம்பி வந்தது. அவள் சிரிக்கத் தொடங்க, செபமாலை சிரித்தார், கிழவிகள் முந்தானையை எடுத்துவிட்டுச் சிரித்தார்கள், ஃபாதர் செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். லெனாட், "அப்ப தியாகம் பண்ணினது இவவோ?" என்று கேட்டு, அதற்கும் ஒரு சிரிப்பு எழும்பியது.

சிரித்து முடிய யோசப்பின் செருப்பைக் கழற்றினாள். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் சொருகினாள்.

"றெஜி, அப்பாவைக் கீழை இறக்கு. அந்தக் கதிரையில வைச்சுக்கொண்டு பக்கத்தில இரு. வெயில் படப்படாது. பிரகாஸ், கையைத் தா."

பிரகாஸ் கை கொடுக்க முன்னரே அவள் ஒரு காலை வைத்து, மறு காலைத் தூக்கி, வள்ளத்தின் நடுவில் நின்றாள். ஆடவில்லை. எழுபது வயது உடம்பு மறந்திருக்குமோ என்று பயந்தாள். கால்களுக்கு நினைவிருந்தது.

வள்ளம் புறப்பட்டது. கரையில் வெடி கொளுத்தினார்கள். காற்று முகத்தில் அடிக்க, உப்புத் தண்ணீர் தெறிக்க, யோசப்பின் அணியத்தில் இருந்து சின்னப் பிள்ளை போல வாயைத் திறந்து சிரித்தாள். லவீனா தாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அம்மாவின் இந்த முகத்தை அவள் கண்டதில்லை. பிரகாஸ் பெரியதாக ஒரு வட்டம் போட்டு, துறையின் பக்கம் திரும்பத் தொடங்கினான்.

"வள்ளத்தைத் திருப்பாதை, பிரகாஸ்" என்றாள் யோசப்பின்.

"சுத்து முடிஞ்சுது மாமி. எங்கை போறது?"

"பாலைதீவுக்கு."

"இப்பவோ? திருவிழா முடிஞ்சு எவ்வளவு காலம்! அங்கை இப்ப ஒரு பூசை இல்லை, ஒரு ஆள் இல்லை."

"அந்தோனியார் இருப்பார்தானே."

"நேவிக்காரன் மறிச்சால்?"

"நேர்த்திக்கடன் எண்டு சொல்லு. பொய்யில்லை."

"மச்சாள், அங்கை மத்தியானச் சாப்பாடு ஆறப்போகுது" என்றாள் றஜனி.

"ஆறட்டும். நீ வேணுமெண்டால் நீந்திப் போ."

றஜனி ஒரு கணம் யோசித்தாள். பிறகு தானும் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு யோசப்பினுக்குப் பக்கத்தில் வந்து குந்தினாள். எண்ணெய் போதுமோ என்று பிரகாஸ் தாங்கியைத் தட்டிப் பார்த்தான். போதுமான அளவு இருந்தது. வள்ளம் தெற்கே திரும்பியது.

துறையில் நின்ற றெஜிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வள்ளம் வரவேண்டியதை விட்டுப் போய்க்கொண்டே இருந்தது. போன் எடுத்தான். லவீனா தன் போனை அம்மாவின் காதில் வைத்துப் பிடித்தாள்.

"அம்மா, எங்கை போறியள்? இஞ்சை சனம் எல்லாம் நிக்குது. நான் என்ன செய்யிறது?"

"சனத்தைச் சாப்பிடச் சொல்லு" என்றாள் யோசப்பின். எஞ்சின் சத்தத்தில் கத்தித்தான் சொல்லவேண்டியிருந்தது. "நீ அப்பாக்குப் பக்கத்தில இரு. நான் பொழுதுபட முன்னம் வந்திடுவன் எண்டு அவரட்டைச் சொல்லு. அவர் கப்பலுக்குப் போகேக்கை எல்லாம் நான்தானே கரையில பாத்துக்கொண்டு இருந்தனான். இண்டைக்கு அவர் கொஞ்சம் கரையில இருக்கட்டும்."

போனை மகளிடம் கொடுத்துவிட்டு, கரையைப் பார்த்து ஒருதரம் கை காட்டினாள். பிரகாஸ் எஞ்சினின் பிடியை முறுக்கினான்.